பாதி உரத்தில் இந்த ரகம் என்ன தரும்?

புது நெல் ரகம் ஒன்று வந்தால் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை நாள் பயிர்? ஏக்கருக்கு எத்தனை மூட்டை? மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கருத்து: டிஏபியையும் யூரியாவையும் பாதியாகக் குறைத்தால் இந்த ரகம் என்ன தரும்? நான் பார்த்த ரகக் குறிப்பு எதிலும் இதற்குப் பதில் இல்லை. வயது, உயரம், அரிசியின் பருமன், குலைநோய்க்குத் தாங்குமா என்பதெல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை.

இதை மண்ணின் கேள்வி என்று நினைத்து மண் ஆய்வு அட்டையோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் பாதிப் பதில் விதைக்குள் இருக்கிறது. ஒரே வயலில், ஒரே உரத்தில், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் இரண்டு ரகங்களில் ஒன்று தூர் வெடித்து, அதாவது அடியிலிருந்து பல தண்டு கிளைத்துக் கிளம்பும், இன்னொன்று நட்டபடியே நிற்கும். அந்த வித்தியாசத்துக்கு மரபணுக்களில் காரணம் இருக்கிறது. சிலவற்றைப் பெயர் சொல்லிக் காட்டும் அளவுக்கு இன்று ஆராய்ச்சி வந்துவிட்டது.

முதலில் மணிச்சத்து, அதாவது டிஏபியில் முக்கியமாக இருக்கும் பாஸ்பரஸ். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரில் கரைந்து வேரைத் தேடி வரும். மணிச்சத்து வராது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். போட்ட உரத்திலிருந்து அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால்வாசிக்கும் குறைவு. மிச்சம் மண்ணிலேயே கிடக்கிறது, பயிருக்கு எட்டாமல். வேர் அதனிடம் போனால்தான் உண்டு.

மணிச்சத்துப் பஞ்சம் கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். தழைச்சத்து குறைந்தால் பயிர் வெளுத்துப்போய் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மணிச்சத்து குறைந்த நெல்லோ அடர்பச்சையாக இருக்கும். இலை குறுகி, விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். தூர் மட்டும் கட்டாது. வரப்பிலிருந்து பார்ப்பவர், பயிர் பச்சையாகத்தானே இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஜப்பானில் மத்தியாஸ் விசுவாவும் அவருடைய சகாக்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்கியது. காசலத் என்பது நம் கிழக்கு மாநிலங்களும் வங்கதேசமும் சேர்ந்த பகுதிக்குரிய ஆவுஸ் வகையைச் சேர்ந்த பழைய நெல். அதையும் நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தையும் கலந்து வந்த வழித்தோன்றல்களை மணிச்சத்து இல்லாத மண்ணில் வளர்த்தார்கள். பஞ்சத்தைத் தாங்கி வளர்ந்தவற்றில் 12-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காசலத்திடமிருந்து வந்திருந்தது. அதற்கு பப்-1 என்று பெயர் வைத்தார்கள்.

துண்டு தெரிந்துவிட்டது, அதற்குள் எந்த மரபணு? அதைக் கண்டுபிடித்து வெளியிட 2012 ஆகிவிட்டது. ஒரு முக்கியக் காரணம் என்னை இன்றும் உலுக்குகிறது. உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சிக்கு ஆதார நூலாக இருந்தது நிப்பொன்பாரேயின் மரபணுத் தொகுப்பு. தேடிய மரபணு அந்த நூலிலேயே இல்லை! காசலத்தின் அந்தப் பகுதியைத் தனியாகப் படித்தபோதுதான் அது தெரிந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சிக்ரிட் ஹோயரின் குழு அதை அடையாளம் கண்டு பிஸ்டால்-1 என்று பெயரிட்டது. மணிச்சத்துப் பஞ்சத்தைத் தாங்காத நவீன ரகங்களில் அது இல்லை என்பதையும் காட்டியது. அப்படிப்பட்ட ரகங்களுக்குள் அந்த மரபணுவைச் செலுத்திக் கூடுதலாக வேலை செய்ய வைத்தபோது, மணிச்சத்து குறைந்த மண்ணிலும் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது.

அது செய்யும் வேலை என்ன தெரியுமா? மணிச்சத்தை உறிஞ்சும் தனிக் குழாய் எதையும் அது திறப்பதில்லை. நாற்று இளசாக இருக்கும்போதே வேரைக் கூடுதலாக வளரச் செய்கிறது, அவ்வளவுதான். வேர் அதிகமானால் அதிக மண்ணைத் தொடும், பிடிபட்டுக் கிடக்கும் சத்தை அதிகமாக எட்டும்.

இந்த நல்ல குணம் நவீன ரகங்களுக்கு ஏன் வரவில்லை? நான் புரிந்துகொண்டவரை, யாரும் கெட்ட எண்ணத்தோடு விட்டுவிடவில்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் தேர்வு நடக்கும் வயலுக்குப் பரிந்துரைத்த உரம் முழுதாகப் போய்விடும். வயிறு நிறைந்த இடத்தில் பசி தாங்குகிறவன் யார் என்று எப்படித் தெரியும்? அங்கே வேருக்காகச் செலவழித்த பயிர், கதிரில் கொஞ்சம் பின்தங்கித் தேர்விலேயே தோற்றும் போகலாம்.

தழைச்சத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. 1966-ல் வந்த ஐஆர்-8 குட்டையான ரகம். யூரியா போட்டால் நெடிய பயிர் சாய்ந்துவிடும், இது சாயாது. பசுமைப் புரட்சியின் அடிப்படையே அதுதான். அது பசியைத் தீர்த்த புரட்சி, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் குட்டைக்கு ஒரு விலை இருந்தது. குட்டை ரகங்களில் டெல்லா என்ற வளர்ச்சித் தடைப் புரதம் அதிகமாகச் சேரும். அது தண்டை மட்டும் அடக்குவதில்லை, தழைச்சத்தை எடுத்துப் பயன்படுத்தத் தூண்டும் ஜிஆர்எஃப்-4 என்ற புரதத்தையும் சேர்த்து அடக்குகிறது. 2018-ல் சீனாவின் சியாங்டாங் ஃபூவும் ஆக்ஸ்ஃபோர்டின் நிக்கோலஸ் ஹார்பர்டும் சக ஆய்வாளர்களோடு இதை வெளியிட்டார்கள். அதாவது சாயாத பயிர் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தபோது, யூரியாவைத் தாராளமாகக் கொட்டினால்தான் விளையும் குணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஜிஆர்எஃப்-4-ஐ வலுவாக்கினால் குட்டையாகவே இருந்துகொண்டு தழைச்சத்தையும் நன்றாக எடுக்கும் என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

அப்புறம் 2021-ல் சீன அறிவியல் கழகத்திலிருந்து வந்த டிசிபி-19 ஆய்வு. தழைச்சத்து கிடைத்ததும் எவ்வளவு தூர் கட்டலாம் என்பதில் கை வைக்கும் மரபணு இது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கும் 29 டிஎன்ஏ எழுத்து வித்தியாசம் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. தழைச்சத்துக்கு நன்றாகத் தூர் வெடிக்கும் வடிவம் காட்டு நெல்லில் பரவலாக இருக்கிறது. மண்ணில் தழைச்சத்து கூடிய ஊர்களின் ரகங்களில் அது குறைந்துகொண்டே போய், நவீன ரகங்களில் பெரும்பாலும் இல்லாமலே போய்விட்டது. மண் எவ்வளவு வளமோ, அதற்கேற்ப விதையும் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பழைய நெல்லுக்கே திரும்பிவிடலாம் என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். போடுங்கள், ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. பாரம்பரிய ரகம் என்ற காரணத்துக்காகவே எல்லாவற்றிலும் பிஸ்டால்-1 இருக்கும் என்று கிடையாது. இருந்தாலும் எல்லா மண்ணிலும், எல்லா ரகத்திலும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது. நெல் ஜெயராமன் போன்றவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய விதைகளை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக. அவற்றில் எது எந்தப் பஞ்சத்தைத் தாங்கும் என்று நாம் இன்னும் சரியாகச் சோதிக்கவே இல்லை. நெல் திருவிழாவில் விதை பரிமாறுகிறோம், நல்லது. அதே விதையை மணிச்சத்துப் போடாத பாத்தியில் நட்டு, வேரை எடை போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

மண்ணைச் சுரண்டும் பயிர் ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எடுத்ததைத் திருப்பிப் போடாமல் விட்டால் எந்த மண்ணும் வற்றும். ஆனால் பல வருடமாக அடியுரம் கண்ட வயல்களில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து கொஞ்சநஞ்சமல்ல. அதை எட்டும் வேர் இருந்தால், அறுவடையில் வெளியே போகும் அளவுக்கு மட்டும் திருப்பிப் போட்டால் போதும். நாம் வாங்கும் டிஏபிக்கான பாறை மணிச்சத்தோ, அமிலமோ, உரமாகவே வருவதோ, பெரும்பகுதி இறக்குமதிதான். உலகத்தின் பாறை மணிச்சத்து இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவின் கையில் இருக்கிறது. 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். இந்தப் பணத்தில் ஒரு சிறு துளி வேரைச் சோதிக்கப் போகக்கூடாதா?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ரகத்தை வெளியிடும் முன் பல இடங்களில் நடத்தும் வயல் சோதனையில், முழு உரப் பாத்திக்குப் பக்கத்தில் பாதி உரப் பாத்தி ஒன்றும், மணிச்சத்தே போடாத பாத்தி ஒன்றும் கட்டாயமாக இருக்க வேண்டும். மூன்றின் விளைச்சலையும் ரகக் குறிப்பில் அச்சிட வேண்டும். முழு உரத்தில் ஒரு மூட்டை குறைவாகத் தந்தாலும், பாதி உரத்தில் மூன்று மூட்டை கூடுதலாகத் தரும் ரகம் தேர்வில் கழிந்துவிடக்கூடாது. மானாவாரியிலும் குத்தகையிலும் பயிர் வைப்பவருக்கு அந்த ரகம்தான் வேண்டும். வேளாண் துறையிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், இப்படிச் சோதித்த விவரம் ஏதாவது ரகத்துக்கு இருந்தால் கீழே பகிருங்கள். இல்லையென்றால், அடுத்த வயல் தினத்தில் நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்போம்.