குடியை நிறுத்த வரும் ஆணிடம் என்ன கேட்கிறோம்?

மறுவாழ்வு இல்லங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே, பிறகு ஆண்களுக்கென்று தனியாக ஒரு சிகிச்சை எதற்கு என்று கோலாலம்பூர் செந்தூலில் நடந்த ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஒரே கூடத்தில் ஆண்களை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டால் அது ஆண்களுக்கான சிகிச்சை ஆகிவிடுமா? அவர்கள் எதை மறைக்கக் குடிக்கிறார்கள் என்று அங்கே யாராவது கேட்கிறார்களா?

2019ஆம் ஆண்டில் மதுவால் உலகில் 26 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் 20 லட்சம் பேர் ஆண்கள். நம் ஆண்களுக்குக் குடி பிறவிக் குணம் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 1941இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் பாட்டன்மார், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள்.

நான் உடனிருந்து கேட்ட ஓர் ஆண்கள் குழுவைப் பற்றி, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஐம்பது வயதைக் கடந்த லோரி ஓட்டுநர் ஒருவர், கை நடுக்கத்தில் சிந்திவிடாமல் இருக்கத் தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். மனைவியோடு போன ஆலோசனைகளில் எல்லாம் "இனிமேல் தொடமாட்டேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர். அன்று எதிரே இருந்த இளைஞர் தன் தாம்பத்தியக் குறையைச் சொல்லி முடித்ததும், "எனக்கும் அதேதான் தம்பி, டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை" என்றார். நெடுநாள் குடி ஆண்மைக் குறைவை உண்டாக்கும். அந்த வெட்கத்தில் இன்னும் குடிப்பார்கள். மனைவியையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை எந்த ஆண் பேசுவான்?

மனச்சோர்வும் அப்படித்தான். ஆண்களிடம் அது பல நேரம் எரிந்து விழுவதாக வெளிப்படும். நாம் அதைத் திமிர் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதற்காக, கட்டியவளை அடித்தவனுக்குச் சாக்குத் தேடவில்லை. அதே குழுவில்தான் ஒருவர் இன்னொருவரை முகத்துக்கு நேரே கேட்டார்: "அண்ணே, உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளை ஏன் கட்டிலுக்கடியில் ஒளிகிறது?" அவர் அழுதார். யாரும் அவரைத் தேற்ற அவசரப்படவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

தைப்பூசத்துக்கு மாலை போட்டுக் குடியை விடுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால், தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிரே போகலாம். தயவுசெய்து அறையில் வைத்துப் பூட்டாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கோலாலம்பூர்க் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் மண்டபம் இருக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் ஓர் இரவு அதைக் கொடுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் தமிழில் நடத்தட்டும். வாசலில் பெயர் எழுதி வாங்க வேண்டாம்; பெயர் கேட்டால் பாதிப் பேர் படியேற மாட்டார்கள்.