ஐம்பது ரூபாய் விண்ணப்பத்தில் கிடைத்த சீட்

போன வருஷம் என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் உட்கார்ந்து, விண்ணப்பம் போட்ட வகையில் எவ்வளவு செலவானது என்று கணக்குப் பார்த்தோம். கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. விண்ணப்பத்துக்கு மட்டும்.

ஐந்து தனியார் பல்கலைக்கழகங்களுக்கு 6,150 ரூபாய். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஏழு விண்ணப்பம், 1,400. மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு ஒரு தடவை, 800. பொறியியல் கலந்தாய்வுப் பதிவு 500. அரசு கலைக் கல்லூரிக்கு 50. இந்தப் பதினைந்தையும் பிரவுசிங் சென்டரில் போட்டுத் தர ஒவ்வொன்றுக்கும் 100 வீதம் 1,500. எல்லாம் கூட்டினால் 10,400 ரூபாய்.

அக்கா விருத்தாசலத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறாள். சாதா ஜாக்கெட் ஒன்றுக்கு 150 ரூபாய் வாங்குவாள். அப்படியென்றால் அந்தப் பணம் ஏறக்குறைய எழுபது ஜாக்கெட். பிள்ளை கடைசியில் சேர்ந்தது ஐம்பது ரூபாய் விண்ணப்பத்தில் கிடைத்த பி.எஸ்சி. கணிதத்தில். அவளுக்குப் பிடித்த பாடமும் அதுதான். சந்தோஷமாகப் போய்வருகிறாள்.

"ஏன்க்கா இத்தனை போட்டே?" என்று கேட்டேன். "எங்கேயுமே கிடைக்காமப் போயிட்டா என்னடா பண்றது?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிராக்டிகல் பரீட்சை நடக்கும்போதே கல்லூரிகளிலிருந்து அவள் போனுக்கு அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது. "இந்த வாரம் போட்டால்தான் ஸ்காலர்ஷிப், அடுத்த வாரம் சீட் இருக்காது" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். பரீட்சையே எழுதவில்லை, மார்க் தெரியாது, எந்த மார்க் வரை சீட் கிடைக்கும் என்ற கட்-ஆஃப் தெரியாது. அதற்குள் ஆயிரம் ஆயிரமாகப் போய்விட்டது. நான் கோபப்படுவது அக்கா மீதல்ல, ரிசல்ட் வரும் வரை இருக்கும் அந்தப் பயத்தை வைத்துக் காசு பார்ப்பவர்கள் மீது. பயந்து கட்டும் விண்ணப்பத்தைக் குறைத்தாலே பாதிப் பணம் மிஞ்சும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான், ஆனால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொறியியல். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மார்க்கையே 200க்கு மாற்றித்தான் தரவரிசை. கலந்தாய்வுக்கு ஒரே ஒரு பதிவு, 500 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 250. இந்த ஒரு பதிவுக்குள் மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் வந்துவிடுகின்றன. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி, எத்தனை பாடப்பிரிவு வேண்டுமானாலும் போடலாம், ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட இல்லை இது.

இன்னொன்று, இந்தப் பதிவு பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதனால் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசிக்கலாம். முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பார்த்தால், நம் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகும் தனியார் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் அங்கே வருஷத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கட்டவே முடியாத கல்லூரிக்கு விண்ணப்பம் எதற்கு? அக்கா போட்ட ஐந்தில் நான்கு அப்படிப்பட்டவை. விண்ணப்பிக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ரிசல்ட்டுக்கு முன்பே கட்டியாக வேண்டியவையும் உண்டு. நீட்டுக்குப் பொதுப் பிரிவில் 1,700 ரூபாய். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் 4,000. ஜேஇஇ மெயின், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் இவையும் அப்படித்தான். உண்மையாகவே தயாராகிற பிள்ளைக்கு இதெல்லாம் வீண் செலவு இல்லை, கடன் வாங்கியாவது கட்டலாம். "எழுதித்தான் பார்க்கட்டுமே" என்று கட்டுவதுதான் வேண்டாம். எங்கள் பிள்ளை ஜேஇஇக்கு ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. கூடப் படிக்கும் தோழி போட்டாள் என்று போட்டது. போய் உட்கார்ந்து எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். 800 ரூபாயைவிட அதுதான் எனக்கு வலித்தது.

கலை அறிவியல் பக்கம் வந்தால், அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக்கு 2. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 48ம் கிடையாது, 2 ரூபாய் மட்டும். 160க்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகள் இப்படி நடக்கின்றன. ஆனால் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கதையே வேறு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம், பல இடங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி விண்ணப்பம். உதவி பெறும் பிரிவுக்கு ஒன்று, கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்தும் சுயநிதிப் பிரிவுக்கு இன்னொன்று. கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என்று மூன்று கேட்டால் மூன்று தடவை பணம்.

இங்கே அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்தக் கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவு ஆசிரியர்களின் சம்பளம் மக்கள் வரிப்பணம். அந்த இடங்களுக்கு மட்டுமாவது ஒரே பொது விண்ணப்பம் கொண்டுவாருங்கள். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் பல இருக்கின்றன, அவர்களுக்கென்று உரிமை உண்டு, தெரியும். தேர்வுப் பட்டியலை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். விண்ணப்பம் ஒன்றாக இருப்பதால் யாருடைய உரிமையும் போகாது. ஒரே பெயர், ஒரே மார்க், ஒரே சாதிச் சான்றிதழ், இதை ஏழு தடவை தட்டச்சு செய்ய ஏழு தடவை ஏன் காசு?

அப்புறம் பிரவுசிங் சென்டர். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன, கலை அறிவியலுக்கு அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் போடுகிறார்கள். சான்றிதழ்களோடு நேரில் போனால் அங்கேயே பதிவு செய்யலாம். சென்டரில்தான் போட வேண்டும் என்றாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போன் நம்பரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். பணமும் உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். திரும்பி வரவேண்டிய தொகை ஏதும் இருந்தால் பெரும்பாலும் கட்டிய கணக்குக்கே வரும். மருத்துவக் கலந்தாய்வு வைப்புத்தொகை அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சென்டர்காரர் கணக்கில் போய் விழுந்த பணத்தை வாங்க இரண்டு மாதம் நடந்தார்கள்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்துவிட்டால், கட்டிய பணம் போய்விட்டது என்று நினைத்து நிறையப் பேர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னது இது: செப்டம்பர் 30க்குள் விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. வருஷா வருஷம் தேதி மாறலாம், சேரும் முன் அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, தேதியோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனவரியிலேயே ஒரு பெற்றோர் கூட்டம் போட்டு, எது ரிசல்ட்டுக்கு முன், எது பின் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும். எங்களுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் 550 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அக்காவின் மகன் இப்போது பிளஸ் ஒன். அன்றைக்குக் கணக்குப் போட்ட தாளை அக்கா கிழித்துப் போடவில்லை, மிஷின் டிராயரில் மடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் யாரோ ஒரு கல்லூரியிலிருந்து அவளுக்குப் போன் செய்திருக்கிறார்கள். "ரிசல்ட் வரட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.