இரண்டு நாள் வகுப்புக்குப் பெயர் பயிற்சியா?

மனநலக் களப்பணியாளர்களான எங்களுக்கு நடந்த இரண்டு நாள் சி.பி.டி. வகுப்பின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சி.பி.டி. என்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை. சான்றிதழோடு நிற்கிறோம், மூன்றாவது வரிசையில் நானும் இருக்கிறேன். அதன் கீழே ஒருவர், "பயிற்சி கொடுத்தாகிவிட்டது. இனியும் சி.பி.டி. செய்யாவிட்டால் அது களப்பணியாளர்களின் சோம்பேறித்தனம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு இரவாக எனக்குத் தூக்கமில்லை.

இரண்டு நாள் வகுப்பு பயிற்சி ஆகாது.

முன்பு இப்படி ஒரு வகுப்பு முடித்த கையோடு, பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர் வீட்டில் மனம் சோர்ந்திருந்த அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். கற்றுக்கொடுத்தபடியே, "நீங்கள் நினைப்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். "கடன்காரர் வாசலில் நிற்கிறாருங்க. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்ங்க?" என்றார். எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. அவர் சம்மதத்தோடு பதிவு செய்த அந்தப் பேச்சை மூத்தவர் ஒருவர் முழுதாகக் கேட்டார். "ஆதாரத்தை விடம்மா. மனம் சோர்ந்த பிறகு எதையெல்லாம் நிறுத்தினார் என்று கேள்" என்றார். கேட்டேன். வளர்த்த ஆடுகளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு குட்டியைத் திரும்ப ஓட்டி வந்தார். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் விடிந்ததும் குட்டிக்குத் தழை ஒடிக்க எழுந்தார். நான் சிகிச்சையைக் கற்றது அன்றுதான்.

என் மாமா தறி பழகியபோது, இழை அறுந்தால் பிணைக்கச் சொல்லித்தர ஓர் ஆள் மாதக்கணக்கில் பக்கத்தில் நின்றார். துணிக்குக் கொடுத்த பொறுமை மனிதர்களுக்கு வேண்டாமா? அமெரிக்காவில் மில்லர் குழுவினர் 2004-இல், ஊக்கமூட்டும் உரையாடல் என்ற வேறொரு பேச்சு முறையைக் கற்றவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: வகுப்போடு நின்றவர்களைவிட, பிறகு தங்கள் உரையாடலுக்குத் திருத்தமும் வழிகாட்டலும் பெற்றவர்களிடமே திறன் தங்கியது.

பணமில்லை, ஆளில்லை என்பீர்கள். கோவாவில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாதவர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தந்தார்கள். அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு, மதிப்பிட்டு, கூடிப் பேசினார்கள். அதற்குச் செல்போனும் வாரம் சில மணி நேரமும் போதும். மண்டப வாடகையைவிடவா அது அதிகம்? வெளிநாட்டு முறை நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு என் பதில் அந்த ஆட்டுக்குட்டிதான்.

இரண்டு நாள் வகுப்பு பயிற்சி ஆகாது. மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் சோம்பேறி என்ற சொல் வலிக்கிறது. தாராபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மதியச் சாப்பாட்டை மாலையில் சாப்பிடுபவர்கள் நாங்கள். எங்கள் பிழையை மறைக்கவில்லை. கேட்டுத் திருத்த ஒருவரைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். அப்படிக் கேட்டு நான் கடிதம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.