படிவ மெயில் வராததற்குப் பிளகின் காரணமில்லை

வேர்ட்பிரஸ் தளத்தில் தொடர்புப் படிவம் வைக்க உதவும் பிளகின் (கூடுதல் மென்பொருள்) காண்டாக்ட் ஃபார்ம் 7. அதில் நிரப்பிய படிவம் மெயிலாக வந்து சேரவில்லை என்ற கேள்விக்கு, "காண்டாக்ட் ஃபார்ம் 7-ல மெயிலே வராது, வேற பிளகின் போடுங்க" என்று சிலர் சொல்வது தவறான வழிகாட்டல். ஃபார்ம் பிளகின்கள் பொதுவாக மெயிலை வேர்ட்பிரஸ்ஸிடம்தான் ஒப்படைக்கின்றன. அது வழக்கமாக ஹோஸ்டிங் சர்வரின் பிஎச்பி மெயில் (சர்வரிலிருந்தே மெயில் அனுப்பும் வசதி) வழியாகப் போகிறது. பிளகினை மாற்றினாலும் பாதை அதேதான்.

முதலில் பிளகினின் 'மெயில்' டேபில் (தாவலில்) ஃப்ரம் (அனுப்புநர்) புலத்தைப் பாருங்கள். அங்கே படிவம் நிரப்பியவரின் முகவரி இருந்தால் சிக்கல் அதுதான். யாகூ முகவரியோடு உங்கள் சர்வர் அனுப்பினால் அது போலி மெயில். யாகூவின் டிமார்க் கொள்கை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வர்களுக்குச் சொல்லும் விதி) 2014-லிருந்தே அதை நிராகரிக்கச் சொல்கிறது. ஃப்ரமில் உங்கள் டொமைன் முகவரியையும், கூடுதல் ஹெடரில் ரிப்ளை-டூ (பதில் போகவேண்டிய முகவரி) ஆக நிரப்பியவரின் முகவரியையும் வையுங்கள். பிறகு மெயிலை முறையான மெயில் சர்வர் வழியாக அனுப்பும் ஒரு எஸ்எம்டிபி பிளகின் (ஒன்று போதும், இரண்டு போட்டால் மோதும்), அதில் போர்ட் 587, மெயில் உங்களுடையதுதான் என்று காட்ட டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் ஆகியவற்றை அமையுங்கள்.

படிவத்தை அனுப்பியதும் பச்சைக் கட்டத்தில் "நன்றி" வருவதை நம்ப வேண்டாம். சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. காண்டாக்ட் ஃபார்ம் 7 நிரப்பிய படிவங்களைச் சேமிப்பதும் இல்லை, ஆகவே அவற்றைச் சேமிக்கும் ஃபிளமிங்கோ பிளகினையும் நிறுவுங்கள். மெயில் தொலைந்தாலும் விசாரிப்பு டேட்டாபேஸில் இருக்கும்.