14416-இல் பேசினால் வேலை போகாது

“14416-க்குப் பேசினால் மனநோயாளி என்று பதிவாகிவிடும், வேலைக்குச் சிக்கல்” என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய்.

அந்த எண் 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமின்மை, தேர்வு பயம், குடும்பச் சண்டை எதுவானாலும் சரி. முதலில் ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால்தான் மனநல மருத்துவர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆபீசுக்குச் சொல்வது அதில் இல்லை.

தெரிந்த அக்கா ஒருவர் அந்த வாட்ஸப் செய்தியை நம்பி, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து எண்ணை அழுத்துவதும், ரிங் போகுமுன் கட் செய்வதுமாக இருந்தார். விவாகரத்தாகி இரண்டே மாதம். அக்கா, தயங்காமல் பேசுங்கள்.