நம்ம ஊர்ப் பேய்களின் கதையை முழுசாகக் கேளுங்கள்

நடுராத்திரி கேமராவைத் தூக்கிக்கொண்டு சுடலைமாடன் கோயிலுக்குப் போய் ‘அமானுஷ்யம்’ என்று யூடியூபில் போடுகிற தம்பிமாருக்கும், எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிற படித்த அண்ணாச்சிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் நாம் கும்பிடுகிற பீடங்கள் பலவற்றில் நிற்பது அநியாயமாகச் செத்த மனுஷர்கள்.

முத்துப்பட்டனைப் பாருங்கள். பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கிற சாதிக்காரனான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகக் குடுமியை அறுத்து, பூணூலை எறிந்து, செருப்புத் தைத்து, கடைசியில் மாடு காக்கப் போய்க் களவாணிகளோடு சண்டை போட்டுச் செத்தான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே என்று கதையில் பின்னால் ஒட்டுப்போட்டதை நாங்குநேரிக்காரரான நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். ஒட்டுப்போட்டும் செருப்பை மறைக்க முடியவில்லை பாருங்கள்!

இசக்கியம்மன் கதைகளிலும் ஆம்பிளை ஏமாற்றிக் கொன்ற பெண்தான் திரும்பி வந்து நியாயம் கேட்கிறாள்.

இடையன்குடியில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கெல்லாம் பேய் வழிபாடு என்று பேர் வைத்தார். ஆனால் 1809இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறைக்குச் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள் என்று எழுதியவரும் அவரேதான். அகாலத்தில் செத்தவன் யாராயிருந்தாலும் பசியாற்ற வேண்டும் என்று நினைத்த சனம் அது, அவர்களைப் பிசாசுக் கூட்டம் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆனால் செய்வினை வேறு சங்கதி, அதை நான் ஒருநாளும் தாங்கிப் பேச மாட்டேன். மந்திரவாதி என்றால் மலைக்கு மேற்கே மலையாளத்தான் என்பது நம்ம ஊர் பழைய பயம். வில்லுப்பாட்டில் சுடலை மலை தாண்டிப் போய் அழிக்கிறதும் பெரும்புலையன் என்கிற மந்திரவாதியைத்தான். அங்கேயும் பழி ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் தலையில் விழுவதைக் கவனியுங்கள். இப்போது அந்தப் பழி பக்கத்து வீட்டுக்கு, சொந்தக்காரிக்கு வந்துவிட்டது.

கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுங்கள், மகுட மேளச் சத்தத்தில் விடிய விடிய உட்காருங்கள், சரி. செய்வினை வைத்தது யார் என்று மை போட்டுப் பார்த்துக் குறி சொல்கிறவனிடம் மட்டும் போகாதீர்கள். சமீபத்தில் வீட்டுக்கு யார் வந்தா, யாரோடு மனஸ்தாபம் என்று முதலில் நம்மிடம்தான் அவன் விசாரிக்கிறான், அப்புறம் நாம் சொன்ன பேரையே திருப்பிச் சொல்லிக் காசு வாங்குகிறான். அந்தப் பேர் பெரும்பாலும் தனியாக இருக்கிற ஒரு பொம்பளையுடையது, அதற்குப் பிறகு அவளை எந்த விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.