அடித்தது சாரையை

அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. வைக்கோல் போருக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்த பாம்பைக் கம்பால் அடித்துக் கொன்று, வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார்கள். வீடியோவுக்குக் கீழே கருத்துகளில் வரிசையாகக் கைதட்டல். அது சாரை. விஷமே இல்லாத சாரை.

நல்லபாம்பு என்று நினைத்துவிட்டார்களாம். நன்றாகப் பாருங்கள். பெரிய கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள், உடம்பின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள். மிரண்டால் சாரை கழுத்தை உப்பவைத்து உறுமும். அதைப் போய்ப் படமெடுப்பது என்கிறார்கள்.

"நல்லபாம்புக்கு சாரைதான் ஆண், ஒன்று வந்தால் மற்றது வரும்" என்று படித்தவர்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு இனம். சாரையிலேயே ஆணும் உண்டு, முட்டையிடும் பெண்ணும் உண்டு. பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள்; ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது. நல்லபாம்பு சாரையைப் பிடித்து விழுங்கவும் செய்யும். இதில் ஜோடி எங்கே வந்தது? சாரை பசுவிடம் பால் குடிக்கும் என்பதும் பொய். பாம்பின் வாயால் உறிஞ்சவே முடியாது.

அப்பாவோடு வயலுக்குப் போகும்போது வரப்பில் சாரையைக் கண்டால், அது போகட்டும் என்று அவர் நின்றுவிடுவார். ஒருமுறை எலி வளைக்குள் அது தலையை விட்டு, வால்வரை உள்ளே போனதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். மலைப்பாம்பு மாதிரி சுற்றி நெரிக்காது. பிடித்த எலியை உடம்பால் அழுத்தி அமுக்கிக்கொண்டு விழுங்கும். நெல்லைத் தின்னும் எலியைத் தேடித்தான் வயலுக்கும் வைக்கோல் போருக்கும் வருகிறது. உங்களைத் தேடி இல்லை.

"குழந்தை இருக்கிற வீட்டில் பயம் வராதா?" வரும். நியாயம்தான். தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"மனுஷ உயிரைவிடப் பாம்பு பெரிசா உனக்கு?" என்று நேற்று கேட்டவர் என் சொந்தக்காரர். அதுதான் வலிக்கிறது. கட்டுவிரியன் கடித்து எங்கள் சித்தப்பாவை இழந்த வீடு இது, அவருக்கும் தெரியும். பாயில் படுத்திருந்தவரை, இரவில். காலையில்தான் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். எது விஷப்பாம்பு, கடித்தால் உடனே எங்கே ஓட வேண்டும் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். சித்தப்பாவைக் கொன்றது சாரை இல்லை.